நாற்பத்திரண்டு எடுத்து வைத்த ஒரு அடி

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கறார்ப் பேர்வழி. ஊட்டியில் முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதித் தருகிற நம் சின்ன உதவி மையத்தில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருடமும் என் மேசைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பயந்துகொண்டேதான் வந்தார்கள். காகிதத்தில் ஒரு எழுத்து இடறினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன், அவர் பந்தலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்தாலும் சரி. இப்போது நீங்கள் ஐந்து பேர் புதிதாக அந்த மேசைகளுக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக இரண்டு வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஆள் அனுப்பினீர்கள். இரண்டு வார்த்தையில் நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை, அது போகட்டும்.

மனுவை எப்படி நிரப்புவது, எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்பதையெல்லாம் கணினியே உங்களுக்குச் சொல்லிவிடும். நான் சொல்லப்போவது வேறு. என் கறார்த்தனத்தால் வயதான ஒரு பெண்ணின் சோற்றில் மண் விழ இருந்தது. அது விழாமல் போனதற்கு நான் காரணமில்லை. அன்றைக்கு நான் பார்த்த ஒரு மனிதரை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கூர்க்கா என்றால் நம் ஊரில் கம்பும் விசிலுமாகக் காவலுக்குப் போகிறவர் என்றுதான் நினைப்பு. அவர்களில் சிலர், சுதந்திரத்துக்குப் பிறகும் நேபாளிகளைச் சேர்த்துக்கொண்ட பிரிட்டிஷ் படையில் இருந்துவிட்டு வந்தவர்கள். அங்கே பதினைந்து வருடம் முடித்தால்தான் பென்ஷன். ஒரு காலத்தில் படையைச் சுருக்கினார்கள். பன்னிரண்டு வருடம், பதிமூன்று வருடம் ஆனவர்களைக்கூட ஆட்குறைப்பு என்று சொல்லி, கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதோடு சரி, பென்ஷன் கிடையாது. அப்படி வெளியே வந்தவர்களில் சிலர் ஊர் ஊராக வேலை தேடி, நம் மலைக்கும் எஸ்டேட் காவலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் படையில் ஒரே பெயரில் ஏகப்பட்ட பேர் இருப்பார்கள். ஒரு கம்பெனியில் மட்டும் நான்கு தன்பகதூர் குருங் இருப்பார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான்கு பேரும் ஓடி வருவார்கள். அதனால் படை எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைத்தான் பெயராக வைத்துக் கூப்பிடுவார்கள். இருபத்தாறு என்றால் சப்பீஸ். நாற்பத்திரண்டு என்றால் பயாலீஸ். ஊருக்குத் திரும்பிப் போய்ப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் கூட இருந்தவர்களுக்கு அவர் சப்பீஸ்தான், பயாலீஸ்தான். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

நான் ஓய்வுபெறுவதற்கு மூன்று நான்கு வருடம் முன்னால், ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அந்த அம்மா பெயர் மாயா. எழுபதைத் தாண்டியிருந்தார். நெல்லியாளம் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் அவர் கணவர் வெகு காலம் காவலராக இருந்து இறந்துபோயிருந்தார். கணவருக்கு பிரிட்டிஷ் படையின் பென்ஷன் வந்துகொண்டிருந்தது, இறந்ததும் நின்றுவிட்டது. இனி அந்த அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வர வேண்டும். ஒரே மகள் நேபாளத்தில் கல்யாணமாகிக் கஷ்டத்தில் இருந்தாள். எஸ்டேட்காரர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பென்ஷன் வந்தால் ஒரு அறை வாடகைக்கு எடுத்து மானமாக இருக்கலாம். வராவிட்டால் அந்த வயதில் எங்கே போவது என்று அவருக்கே தெரியவில்லை.

கூட வந்தவர் பக்கத்து எஸ்டேட்டின் பழைய காவலர். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. ஊட்டிக் குளிருக்கு எல்லோரும் போடுகிற மங்கி குல்லாவைப் புருவத்துக்குக் கீழே இழுத்து, காதை மூடிப் போட்டிருந்தார். கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரிந்தன.

"ஏனுங்க, கூட வேலை பார்த்த சாட்சி ஒருத்தர் வேணுமே, எங்கே?" என்றேன்.

"நான்தான் மேடம் சாட்சி. ஒரே நாள்ல சேர்ந்தோம். ஒரே ஊரு."

"உங்க பேரு?"

"தன்பகதூர் குருங்."

"செத்துப்போனவர் பேரைக் கேக்கலைங்க. உங்க பேரைச் சொல்லுங்க."

"அதுதான் மேடம் என் பேரும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஒரே பேரு, ஒரே ஊரு, ஒரே நாள்ல சேர்ந்தீங்க. நல்லா இருக்குதுங்க கதை!" என்றேன். அவர் கோபப்படவில்லை. தன் படைவிலகல் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். எண் இருபத்தாறில் முடிந்தது. பதிமூன்றாவது வருடத்தில் ஆட்குறைப்பு என்று முத்திரை. இறந்தவருடைய புத்தகத்தில் எண் நாற்பத்திரண்டில் முடிந்தது. பதினைந்து வருடமும் முழுதாக இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஆனாலும் எனக்கு உள்ளே குடைந்தது. ஒரே ஆள் இரண்டு பெயரில் மனு போட்டதை எங்கள் மையத்தில் பார்த்திருக்கிறேன். இல்லாத மனைவியைக் கொண்டுவந்து நிறுத்தியவரையும் பார்த்திருக்கிறேன்.

நான் நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போது மாயா அம்மா அவரைப் பார்த்து, "பயாலீஸ் தாஜு, குடை எங்கே வெச்சீங்க?" என்றார். தாஜு என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இருபத்தாறு என்று புத்தகம் வைத்திருக்கிறவரை இந்த அம்மா ஏன் நாற்பத்திரண்டு என்று கூப்பிடுகிறார் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு கோப்பின் மேல் சிவப்பு மையில் எழுதினேன்: "இறந்தவருக்கும் சாட்சிக்கும் ஒரே பெயர், ஒரே ஊர். அடையாளக் குறிகளை அவசியம் நேரில் சரிபார்க்கவும்." கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைப் பிரிட்டிஷ் படை பென்ஷன் அலுவலகத்தின் சரிபார்ப்பு அதிகாரிக்கே அனுப்பிவைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் டீயில் வர்க்கியை நனைத்துத் தின்றபோது எனக்கு என் மேலேயே அப்படியொரு பெருமை!

அந்தச் சரிபார்ப்பு அதிகாரி வருடத்துக்கு ஒரு தடவைதான் மலைக்கு வருவார். அவரும் நேபாளிதான், நாற்பது வயதிருக்கும். பக்கத்துத் தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேசிவிட்டுப் பரிந்துரை எழுதுவார். அன்றைக்குத் தவறினால் அடுத்த வருடம்தான். மாயா அம்மாவுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. எஸ்டேட் கொடுத்த கெடு அந்த மாசக் கடைசி.

அந்த நாளும் வந்தது. கூடம் நிறைய கிழவர்கள், விதவைகள், ஈரக் குடைகள். அந்த இரண்டு பேரும் முதல் பஸ்ஸில் வந்து வரிசையில் நின்றிருந்தார்கள். அதிகாரி உள்ளே வந்தார். வரிசையில் நின்ற அந்தப் பெரியவர் அவரைப் பார்த்ததும் சட்டென்று மங்கி குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். நான் அப்போதுதான் அவர் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.

இடது புருவத்திலிருந்து காது வரைக்கும் ஒரு வெட்டுத் தழும்பு.

அந்த வார்த்தைகளை நான் எங்கேயோ படித்திருக்கிறேன். கோப்பைப் புரட்டினேன். இறந்துபோன கணவருடைய புத்தகத்தின் நகலில், நாற்பத்திரண்டாம் எண்காரருடைய அடையாளக் குறி என்ற இடத்தில் இருந்தது: இடது புருவத்திலிருந்து காது வரை வெட்டுத் தழும்பு. இறந்தவருடைய பென்ஷன் படத்தைப் பார்த்தேன். சின்னப் படம்தான், மங்கலான படம்தான். ஆனால் அதில் முகம் வழவழவென்று இருந்தது.

இரண்டு பேரையும் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"ஏனுங்க, இந்தத் தழும்பு எப்ப வந்தது?"

"சின்ன வயசுல மேடம். புல்லு அறுக்கிறப்ப அருவா பட்டுருச்சு. பட்டாளத்துல சேர்றப்பவே இருந்துச்சு."

"அப்ப நாப்பத்திரெண்டுங்கிறது..."

"நான்தான் மேடம்."

அவர் அதை ஒளிக்கவும் இல்லை, பெருமையாகச் சொல்லவும் இல்லை. மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். நான்தான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்படிங்க? முழுசாச் சொல்லுங்க."

"பரேடுல ஆட்குறைப்பு லிஸ்ட் வாசிச்சாங்க மேடம். எங்க கம்பெனில நம்பர் மட்டும்தான் வாசிப்பாங்க. யார் நம்பர் வருதோ அவன் ஒரு அடி முன்னால வரணும். சப்பீஸ்னு வாசிச்சாங்க. அவன் என் பக்கத்துலதான் நிக்கிறான். நான் முன்னால வந்துட்டேன்."

"ஏன்?"

"அதுக்கு முந்தின வாரம் அவனுக்குக் கடுதாசி வந்துச்சு. மலை சரிஞ்சு வீடு, வயக்காடு எல்லாம் போச்சு. இவ கைப்புள்ளயோட யார் ஊட்டு மாட்டுக் கொட்டாயிலயோ கெடந்தா. அவனுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருந்தா பென்ஷன். எனக்கு அப்பா அம்மா இல்ல, கல்யாணம் இல்ல. யாரும் இல்ல மேடம்."

"யாருமே பாக்கலீங்களா?"

"பார்த்தாங்க. கம்பெனி பூராத் தெரியும். லிஸ்ட் வாசிச்ச எங்க சுபேதார் சாப் என் மூஞ்சியை ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் அடுத்த நம்பரை வாசிச்சாரு. சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் புத்தகத்தை மாத்திக்கிட்டோம். பேரு ஒண்ணுதானே, யாருக்கும் தொந்தரவு இல்ல."

"உங்க பென்ஷன் போச்சேங்க! ஆயுசு முழுக்கப் போச்சே! தெரியுதுங்களா உங்களுக்கு?" என்று கத்தியேவிட்டேன்.

"ஒரு அடிதானே மேடம்" என்றார் அவர்.

அண்ணனும் தம்பியும் அப்பாவின் பணிக்கொடைக்காக என் மேசைக்கு முன்னாலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தவள் நான். ஒரு மாத நிலுவைக்காகப் பெற்ற தாயைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போன மகனையும் தெரியும். மனுஷர்கள் இவ்வளவுதான் என்று எனக்குள் எப்போதோ முடிவு கட்டிவைத்திருந்தேன். அந்தத் தாழ்வாரத்தில், ஈரக் குல்லாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற அந்தக் கிழவருக்கு முன்னால் அந்த முடிவு நிற்கவில்லை. எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி அவரிடம் பேச எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் என் சிவப்பு மை ஞாபகம் வந்தது. அடையாளக் குறிகளை அவசியம் நேரில் சரிபார்க்கவும். அதிகாரியின் மேசையில் என் கையெழுத்தோடு அது உட்கார்ந்திருந்தது. அவர் இந்த முகத்தையும் அந்தப் புத்தகத்தையும் பார்த்த அடுத்த நிமிடம் மாயா அம்மாவின் மனு செல்லாது என்று ஆகிவிடலாம். இத்தனை வருடம் வாங்கிய பென்ஷனைத் திருப்பிக் கட்டு என்றும் சொல்லலாம்.

இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நான் அவருக்குப் பொய் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். "அய்யா, நீங்க குல்லாவைப் போட்டுக்குங்க. கேட்டா ஜொரமுன்னு சொல்லுங்க. செத்தவருக்குத் தழும்பு இருந்துதான்னு கேட்டா, வயசுல மறைஞ்சு போச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும்."

அவர் தலையை ஆட்டினார். "சாப் கேட்டாப் பொய் சொல்ல மாட்டேன் மேடம்."

"இத்தன வருசமா மறைச்சீங்கல்ல? அது மட்டும் என்னங்க?"

"அன்னிக்கு நான் பொய் சொல்லல. யாரும் கேக்கல" என்றார். "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

இன்றைக்குக் கேட்பார்கள். கேட்கச் சொல்லி எழுதியவளே நான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்காதீர்கள்.

எங்கள் மையத்தின் செயலாளரிடம் ஓடினேன். அவரும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். மலைக்காரச் சிப்பாய்களோடு வெகுநாள் இருந்ததால் அவருக்கு நேபாளி நன்றாக வரும். அதிகம் பேச மாட்டார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் வரிசையை எண்ணினார்.

"இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. முக்கால் மணி நேரம் உங்களுக்கு."

"எதுக்குங்க சார்?"

"எழுதறதுக்கு. அவர் சொன்னது அத்தனையும் எழுதுங்க. பொய்யும் வேண்டாம், பாதியும் வேண்டாம். உங்க சிவப்பு மையை இன்னிக்குக் கிழிச்சுப் போட்டா, பிரதி அந்த ஆபீஸ்ல இருக்கும், நாளைக்கு அந்தம்மாவைத் துரத்தும். ஆனா அந்த ஆபீசர் முதல் வரியா எதைப் படிக்கோணுங்கறது உங்க கையில இருக்குது, பாருங்க."

எழுத உட்காருவதற்கு முன்னால் மாயா அம்மாவைக் கேட்க வேண்டியிருந்தது. போவது அவருடைய சோறு. "எழுதினா பென்ஷன் வராமயும் போகலாமுங்க. எழுதட்டுங்களா?"

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்டேட்டில் கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது, மெதுவாகத்தான் வரும். "அவரு சாகிறப்ப ஒரு வார்த்தைதான் சொன்னாரு. பயாலீஸோட நம்பரை பயாலீஸ்கிட்ட குடுத்துருன்னு. எப்படிக் குடுக்கிறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க எழுதுங்கம்மா. சோறு எப்படியாச்சும் வரும்."

இத்தனை வருடமும் அந்த அம்மா அவரைப் பயாலீஸ் என்றே கூப்பிட்டு வந்ததற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. காகிதம் என்ன சொன்னாலும் சரி, அவர்கள் வீட்டில் அந்த எண் அவருடையதாகவே இருந்திருக்கிறது.

வழக்கமாக நாம் வாக்குமூலத்தைப் பெயர், எண், ஊர் என்றுதான் தொடங்குவோம். நான் அன்றைக்கு அப்படித் தொடங்கவில்லை. "இந்தப் பெண்மணியின் கணவர் பதினைந்து வருடம் முழுவதும் படையில் பணி செய்தார். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் கடைசி இரண்டு வருடம் அவர் பணி செய்தது தன்னுடைய எண்ணில் அல்ல" என்று ஆரம்பித்தேன். அப்புறம் பரேடு, கடிதம், மண்சரிவு, புத்தகம் மாற்றியது என்று எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. அவசரத்தில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. எழுத்து இடறினால் திருப்பி அனுப்புகிறவள் எழுதிய லட்சணம் அது.

அவர்கள் முறை வந்தது. மூன்று பக்கத்தையும் கோப்பின் மேல் வைத்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். அதிகாரி படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். அப்புறம் நிமிர்ந்து அந்தத் தழும்பைப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேரும் நேபாளியில்தான் பேசினார்கள். செயலாளர் என் காதருகில் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார்.

"கடைசி இரண்டு வருடம் படையில் இருந்தது யார்?"

"அவன், சாப்."

"நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"இங்கே. தேயிலைத் தோட்டத்தில் காவல்."

"ஆட்குறைப்புத் தொகையை வாங்கியது?"

"நான். என் டிக்கெட்டுக்குப் போக மிச்சத்தை இவங்க வீடு கட்ட அனுப்பிட்டேன். மறு வருஷம் மலை திரும்பவும் சரிஞ்சு அதுவும் போச்சு. அதனாலதான் அவனைப் பட்டாள வேலை முடிஞ்சதும் இங்கே வரச் சொன்னேன்."

"பதினைந்து வருடத்துக்கான பென்ஷன் உங்கள் எண்ணுக்கு வந்திருக்கிறது. அதை நீங்கள் கேட்கிறீர்களா?"

"செய்யாத வேலைக்கு எப்படிக் கேக்கிறது சாப்?"

"அவர் உங்களுக்கு எதுவும் கொடுக்கவில்லையா?"

"மாசா மாசம் பாதியைக் கொண்டுவந்து வைப்பான். நான் ஒரு கட்டு பீடி வாங்கிக்குவேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்பிருவேன். நடுவுல டாக்டர் பீடியை விடச் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் வர்க்கி."

அதிகாரி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மாயா அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"இது படைக்குத் தெரியாமல் செய்த காரியம்" என்றார் அதிகாரி. "நான் எழுதி அனுப்புவேன், முடிவு மேலேதான். உங்களிடம் விளக்கம் கேட்கலாம். தண்டனை என்றுகூட வரலாம். கையெழுத்துப் போடுகிறீர்களா?"

பெரியவர் குனிந்து கையெழுத்துப் போட்டார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பரேடிலும் இப்படித்தான் யோசிக்காமல் காலை எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி பரிந்துரை எழுதினார். பென்ஷன் எண்ணுக்கு அல்ல, உழைத்த வருடத்துக்கு. இறந்தவர் வருடங்களை முழுதாக உழைத்திருக்கிறார். எண்களைத் திருத்தி விதவைக்கு வழங்கலாம். அவ்வளவுதான் அதன் சாரம். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். பிறகு கூடம் அதிரக் கூப்பிட்டார்.

"பயாலீஸ்!"

"ஹஜுர்!"

எண்பதை நெருங்கின அந்தக் கிழவரின் குதிகால்கள் இரண்டும் ஒன்றாக மோதிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. வரிசையில் இருந்த மற்ற கிழவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அதிகாரி அந்த எண்ணைச் சொல்லி அவரைக் கூப்பிட்டு அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். நான் கூடத்தின் ஓரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

பரிந்துரை போனதே தவிர உத்தரவு லேசில் வரவில்லை. செயலாளர் எஸ்டேட் மேனேஜரிடம் நேரில் போய்ப் பேசிக் கெடுவை நீட்டித்துக்கொண்டே வந்தார். இரண்டு தடவை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரியவர் பஸ் ஏறி வந்து அதே கதையை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். நான் எழுதினேன். தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்கே போய் நின்றுகொள்வேன். என் சொந்த மகளின் தேர்வு முடிவுக்குக்கூட நான் அப்படித் தவித்ததில்லை.

பனிக்காலம் முடிகிற சமயத்தில் உத்தரவு வந்தது. குடும்ப பென்ஷன் அனுமதிக்கப்பட்டிருந்தது, கணவர் இறந்த நாளிலிருந்தே. பழைய பணம் எதையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இரண்டு பேருடைய எண்களும் பதிவில் திருத்தப்பட்டிருந்தன. பெரியவருக்குப் பென்ஷன் எதுவும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

அவர்களை வரவழைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினேன். மாயா அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு அழுதார். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவனுக்கு என்ன நம்பர் போட்டிருக்காங்க மேடம்?"

"இருபத்தாறுங்க."

"எனக்கு?"

"நாப்பத்திரெண்டுங்க."

தலையசைத்தார். ஸ்வெட்டருக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்த புத்தகத்தை எடுத்தார். இருபத்தாறாம் எண்ணின் புத்தகம். அரை நூற்றாண்டு எஸ்டேட் மழையில் ஒரு மூலைகூட மடங்காமல் இருந்தது. நடத்தை மிக நன்று என்று எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து மாயா அம்மாவிடம் காட்டினார்.

"அவன் நம்பருக்கு ஒரு கெட்ட பேர் வாங்காம வெச்சிருந்தேன் தங்கச்சி. இந்தா."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் துணிப்பையைத் துழாவினார். நாற்பத்திரண்டாம் எண்ணின் புத்தகம் ஒரு பழைய துண்டில் சுற்றியிருந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினார்.

"இதுக்கும் கெட்ட பேர் இல்ல தாஜு" என்றார்.

எந்தப் பாசறையிலோ ஒரு சாயங்காலம் இரண்டு வாலிபர்கள் மாற்றிக்கொண்ட புத்தகங்கள் என் மேசைக்கு மேலே மறுபடியும் கை மாறின. பெரியவர் தன் புத்தகத்தை வாங்கி, திறந்து, தழும்பைப் பற்றி எழுதியிருந்த வரியில் ஒரு தடவை விரலை ஓட்டினார். பிறகு குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்தார். ஒரு அடி பின்னால் எடுத்து வைத்து, அந்தப் பழைய பரேடு வரிசையில் தன்னுடைய இடத்தில் நின்றார்.